பத்து நாள் நாக்கு

கும்பகோணத்தில் என் அத்தை வீட்டு ரசம் ஈயச் சொம்பில்தான் கொதிக்கும். அத்தைக்கு அவருடைய மாமியார் கொடுத்த சொம்பு அது. விளிம்பு ஒரு பக்கம் கொஞ்சம் நசுங்கியிருக்கும். மார்பகப் புற்றுநோய்க்கு இரண்டாவது கீமோ ஏற்றிக்கொண்டு வந்த நாலாம் நாள் ராத்திரி, மருமகள் குழையப் பிசைந்து கொடுத்த ரசஞ்சாதத்தில் ஒரு வாய் எடுத்தவர் தட்டைத் தள்ளிவிட்டார்.

"ஏம்மா, ரசத்துல ஆணியைப் போட்டுக் கொதிக்கவிட்டியா? ஒரே இரும்பா இருக்கே."

மருமகள் பதறிப்போய் மறுநாள் எவர்சில்வர் பாத்திரத்தில் ரசம் வைத்தாள். அதே இரும்பு. அதற்கடுத்த நாள் மண்சட்டி. அதிலும் அதே இரும்பு. மாமாவுக்குப் பொறுமை போய்விட்டது. "நாலு வாய் உள்ள போனாத்தானே உடம்புல தெம்பு வரும்? மனசு வெச்சா சாப்பிட முடியாதா?" என்றார். அத்தை பதில் பேசவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மருமகள் அடுப்படியில் நின்று அழுதாள்.

சொம்பின் மேல் தப்பில்லை. மருமகளின் கைமணத்திலும் குறையில்லை. அத்தை மனசு வைக்காமலும் இல்லை. நடந்ததெல்லாம் நாக்கின் மேல்தோலுக்குள், கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் நடந்தது. அது என்ன என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டபோது வியப்பு ஒரு பக்கம், முன்பே தெரிந்திருந்தால் அந்த மூன்று நாள் அந்த வீட்டில் அப்படிக் கழிந்திருக்காதே என்ற வருத்தம் ஒரு பக்கம். இரண்டுமாகச் சேர்ந்துதான் இதை எழுத வைக்கின்றன.

கண்ணாடி முன் நின்று நாக்கை நீட்டி, டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிர்ந்த பரப்பின் நடுவே சின்னச் சின்ன இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரியும். அந்தப் புடைப்புகளுக்குள்தான் சுவை அரும்புகள் உட்கார்ந்திருக்கின்றன. வாய் முழுக்கச் சில ஆயிரம் அரும்புகள். ஒவ்வோர் அரும்பிலும் 50 முதல் 100 செல்கள், பூண்டின் பற்கள் போல ஒன்றோடொன்று நெருங்கி நிற்கும். உச்சியில் ஒரு நுண்துளை. உமிழ்நீரில் கரைந்த உப்போ சர்க்கரையோ அந்தத் துளை வழியாக இறங்கி செல்லைத் தொட, அடியில் காத்திருக்கும் நரம்பு சேதியை மூளைக்குக் கொண்டுபோகிறது.

இந்தச் செல்களின் ஆயுள் எவ்வளவு? 1965-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் லாயிட் பீட்லரும் ஸ்மால்மேனும் எலிகளில் அதை அளந்தார்கள். புதிதாகப் பிறக்கும் செல்லின் மரபணுப் பொருளில் கதிரியக்க அடையாளம் ஒன்றைப் பதியவிட்டு, அந்தச் செல் அரும்புக்குள் வந்து, வேலை பார்த்து, மறையும் வரை தொடர்ந்தார்கள். சராசரியாக 250 மணி நேரம். பத்து நாள். மனிதர்களிலும் பெரும்பாலான சுவை செல்களுக்கு ஏறக்குறைய ஒன்றரை வாரம், இரண்டு வாரம்தான். பொங்கலன்று கரும்பைக் கடித்தபோது இனித்த செல்களில் பெரும்பாலானவை மாசி பிறக்கும்போது உங்கள் வாயில் இல்லை. நாம் ஆயுள் முழுக்க ஒரே நாக்கால் ருசிப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் ஊர்த்தேரை இழுப்பது போல, பிடிக்கும் கைகள் மாறிக்கொண்டே இருக்கத் தேர் மட்டும் நகர்ந்துகொண்டிருக்கிறது.

இதில் இன்னோர் ஆச்சரியம் இருக்கிறது. பழைய செல் போய்ப் புதியது வரும் ஒவ்வொரு முறையும் நரம்பு புதிதாக இணைப்புப் பிடிக்க வேண்டும். கசப்புச் செல்லோடு கசப்பு நரம்பும் இனிப்புச் செல்லோடு இனிப்பு நரம்பும் பிசகாமல் சேர வேண்டும். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஸூக்கர் குழுவினர் 2017-ல் இதை விளக்கினார்கள். ஒவ்வொரு வகைச் செல்லும் தனக்குரிய புரத சமிக்ஞை ஒன்றை வெளியிட்டு, தனக்கான நரம்பைத் தானே கூப்பிட்டுக்கொள்கிறது. சுண்டெலிகளில் கசப்புச் செல்லை இனிப்பின் சமிக்ஞையை வெளியிட வைத்தபோது, இனிப்பு நரம்புகள் ஏமாந்து கசப்போடு போய் இணைந்தன. நாம் தூங்கிக்கொண்டிருக்கும்போதும் வாய்க்குள் இந்த வயரிங் வேலை நடந்துகொண்டே இருக்கிறது.

இவ்வளவு சுறுசுறுப்பாகப் புதுப்பித்துக்கொள்ளும் இடத்தில்தான் கீமோ வந்து இறங்குகிறது. பழைய கீமோ மருந்துகளில் பலவற்றுக்குப் புற்றுநோய் என்று ஒன்றைத் தனியாக அடையாளம் தெரியாது. அவசர அவசரமாக இரண்டாகப் பிரியும் செல் எதுவோ அதை அவை தாக்கும். புற்றுக்கட்டியும் அவசரக்காரன். தலைமுடியின் வேர், எலும்பு மஜ்ஜை, குடலின் உள்தோல், வாயின் உள்தோல், நாக்கின் அரும்பு, இவையும் அவசரக்காரர்கள். அதனால்தான் முடியும், வெள்ளை அணுவும், வாயும் சேர்ந்தே அடி வாங்குகின்றன.

ஏற்கெனவே வேலையில் இருக்கும் சுவை செல்கள் தம் ஆயுள் முடிந்து ஓய்வு பெற்றுப் போய்க்கொண்டே இருக்கும். புதிதாக ஆள் எடுப்பது மட்டும் நின்றுபோகும். அத்தைக்கு ஏற்றிய மருந்துகளில் ஒன்று சைக்ளோஃபாஸ்ஃபமைடு. சுண்டெலிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் சுவையுணர்வு இரண்டு முறை சரிந்தது. முதல் சில நாளிலேயே ஒரு சரிவு. அது மருந்து நேராக அடித்த அடி. சற்றுத் தேறி, ஒன்பது பத்து நாள்வாக்கில் மறுபடி ஒரு சரிவு; அது வரவேண்டிய புதுச் செல்கள் வராமல் போனதன் விளைவு. "நேத்து நல்லாத்தானே சாப்பிட்டே, இன்னிக்கு என்ன வந்தது?" என்று நோயாளியைக் கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

அரும்புகளுக்கு "புதுச் செல் செய்" என்று உத்தரவு தரும் சமிக்ஞைகளில் முக்கியமான ஒன்றுக்கு சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்று பெயர். வீடியோ கேம் பாத்திரத்தின் பெயரைத்தான் ஆய்வாளர்கள் வைத்துவிட்டார்கள். அந்தப் பாதையை மட்டும் அடைக்கும் விஸ்மோடெகிப் என்ற மாத்திரை ஒரு வகைத் தோல் புற்றுக்காக 2012-ல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. சாப்பிட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குச் சுவை கெட்டது. கீமோவைப் போல எல்லா இடத்திலும் அடிக்காமல் ஒரே ஒரு உத்தரவை மட்டும் நிறுத்திய மருந்து அது. அதற்கே இந்த விளைவு என்றால், சுவை என்பது எவ்வளவு மெல்லிய தொடர்ச்சியில் நிற்கிறது என்று பாருங்கள்.

சரி, இரும்பு எங்கிருந்து வந்தது? இதற்கு ஒரே பதில் கிடையாது. சில மருந்துகள் இரத்தத்திலிருந்து உமிழ்நீருக்கு வந்து தாமே கசக்கின்றன. இனிப்பு உணர்வு மங்கும்போது அது மறைத்து வைத்திருந்த கசப்பு மேலே வருகிறது. ஈறில் கண்ணுக்குத் தெரியாமல் கசியும் இரத்தத்தில் இரும்பே இருக்கிறது. இன்னொரு பங்கு மூக்குக்கு உண்டு. இரும்பு உப்பு கலந்த நீரை வாயில் வைத்துக்கொண்டு மூக்கைப் பொத்தினால், அந்த உலோகச் சுவை பெருமளவு மறைந்துவிடுகிறது. நாம் சுவை என்று நினைத்ததில் பெரும்பகுதி தொண்டை வழியாக மூக்குக்கு ஏறிய மணம். மூக்கின் உச்சியில் மணத்தைப் பிடிக்கும் நரம்பு செல்களும் தேய்ந்து தேய்ந்து புதிதாக முளைப்பவைதான். கீமோ அவற்றையும் விடுவதில்லை. அடுப்படியில் கடுகு தாளிக்கும் வாசனைக்கே சிலருக்குக் குமட்டுவதில் அதற்கும் பங்கு இருக்கலாம். உணவைச் சற்று ஆறவிட்டுக் கொடுத்தால் ஆவியோடு எழும் மணம் குறைகிறது. மரக்கரண்டியோ பிளாஸ்டிக் ஸ்பூனோ கொடுத்தால் சிலருக்கு உலோகச் சுவை குறைவாகத் தெரிகிறது. துத்தநாக மாத்திரை சுவையைத் திருப்பித் தரும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. ஆய்வு முடிவுகள் ஒத்துப்போகவில்லை, அதை நம்பிக் காசைச் செலவழிக்க நான் சொல்லமாட்டேன்.

நம் மரபில் சுவை ஆறு. இன்றைய உடலியல் ஐந்து என்கிறது: இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு, பிறகு ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகெடா 1908-ல் கடற்பாசிச் சாற்றிலிருந்து இனங்கண்ட உமாமி. கார்ப்பும் துவர்ப்பும் இந்தப் பட்டியலில் இல்லை, ஏனென்றால் அவை சுவை அரும்பு வழியாக வருவதில்லை. துவர்ப்பு ஒரு தொடுவுணர்வு. வாழைப்பூவிலும் தேயிலையிலும் இருக்கும் டானின், உமிழ்நீரின் வழவழப்புப் புரதங்களைப் பிடித்துத் திரட்டிவிடுவதால் நாக்கு சொரசொரக்கிறது. கார்ப்பு ஒரு வலி. ஆனால் கீமோ வார்டில் உட்கார்ந்து யோசித்தால், ஐந்தைவிட ஆறு என்ற கணக்குத்தான் நோயாளிக்கு நெருக்கமானது. அரும்பின் ஐந்து சுவையும் மங்கிக் கிடக்கும் அதே நாக்கில் கார்ப்பு மட்டும் பல மடங்கு ஏறி நிற்கிறது.

அதன் காரணம் அழகானது, படுகிறவருக்குக் கொடுமையானது. மிளகாயின் காரத்தை உணரும் புரதத்தை 1997-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் டேவிட் ஜூலியஸ் ஆய்வகம் கண்டுபிடித்தது. 2021-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. டிஆர்பிவி1 எனப்படும் அந்தப் புரதம் மிளகாய்க்கென்று அமைந்ததில்லை. அது சுடுகிறதா என்று பார்க்கும் காவல்காரன். சுமார் 43 டிகிரி செல்சியசுக்கு மேல் போனால் "சுடுகிறது" என்று கத்தும். மிளகாயில் உள்ள கேப்சைசின் அதே பொத்தானை அமுக்குகிறது. காரம் "எரிகிறது" என்று நாம் சொல்வது உவமையே கிடையாது, நரம்புக்கு இரண்டும் ஒரே சேதி. வாய் புண்ணாகி அழற்சி வரும்போது அங்கே சுரக்கும் வேதிப்பொருள்கள் இந்தக் காவல்காரனின் எல்லைக்கோட்டைக் கீழே இறக்கிவிடுகின்றன. 43-ல் கத்த வேண்டியது உடம்புச் சூட்டுக்குப் பக்கத்திலேயே கத்தத் தொடங்குகிறது. புளிப்பும் அதைத் தூண்டும். இப்போது ரசத்தை நினைத்துப் பாருங்கள். புளி, மிளகு, மிளகாய், சூடு. நான்கும் ஒரே இடத்தில் போய் அடிக்கின்றன. நாம் ஆசையாக, "தொண்டைக்கு இதமா இருக்கும், ரெண்டு வாய் குடி" என்று நீட்டுகிற அந்த டம்ளர், அந்த வாயைப் பொறுத்தவரை நெருப்பு.

வாய்ப்புண் வரும் கணக்கும் ஒரு பஞ்சாங்கம் போலத்தான். மருந்து ஏற்றிய நாலாம் நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் வாய் சிவந்து, கூசத் தொடங்கும். பத்தாம் நாளை ஒட்டிப் புண் உச்சத்துக்குப் போகும். இரண்டு மூன்று வாரத்தில் ஆறும். எல்லாருக்கும் எல்லா மருந்துக்கும் இது வருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வருகிறவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம், உதட்டின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி ஆகிய இடங்களில் வரும்; மெல்லுவதற்கென்று காய்த்துக் கெட்டிப்பட்ட மேலண்ணத்திலும் ஈறிலும் பொதுவாக வராது. அங்கே புண் இருந்தால் மருத்துவர் வேறு தொற்றைச் சந்தேகிப்பார்.

மருந்து தோலின் அடியடுக்கைக் கொல்கிறது, தோல் மெலிந்து கிழிகிறது, அவ்வளவுதான் என்று பல காலம் நினைத்திருந்தார்கள். பாஸ்டனைச் சேர்ந்த பல் மருத்துவ ஆய்வாளர் ஸ்டீஃபன் சோனிஸ் இந்தப் படத்தை மாற்றினார். புண் கண்ணுக்குத் தெரிவதற்குப் பல நாள் முன்பே, மருந்து ஏறிய நிமிடங்களிலேயே, தோலுக்குக் கீழுள்ள திசுக்களில் அபாயச் சங்கு ஊதப்படுகிறது. ஒரு சமிக்ஞை இன்னொன்றைக் கிளப்ப, அது முதலாவதை மறுபடி பெருக்க, அழற்சி சுற்றிச் சுற்றி வளர்கிறது. தோல் கிழிவது இந்தத் தொடரின் நாலாவது கட்டம், ஆறுவது ஐந்தாவது. கிழிந்த இடத்தில் வாயில் எப்போதும் குடியிருக்கும் கிருமிகள் நுழைகின்றன. அதே நாட்களில்தான் வெள்ளை அணுக்களின் கவுன்ட்டும் தரைதட்டியிருக்கும். கதவு உடைந்த நேரத்தில் காவலும் இல்லை. வாய்ப்புண் வெறும் வேதனையாக மட்டும் நிற்காமல் ஆபத்தாகவும் மாறக் காரணம் இந்தப் பொருத்தம்தான்.

வாய்ப்புண்ணுக்கும் கீமோவுக்கும் உள்ள உறவில் நம் சென்னைக்கு ஒரு பழைய தொடர்பு இருக்கிறது. 1895-ல் அன்றைய சென்னை மாகாணத்து பீமவரத்தில் பிறந்த யெல்லாப்ரகடா சுப்பாராவ், மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அவருடைய சகோதரர்கள் இருவர் அடுத்தடுத்து ஸ்ப்ரூ என்ற நோயில் இறந்தார்கள். அவரையும் அது பிடித்து, பிழைத்தார். ஸ்ப்ரூ என்ற சொல்லே வாய்ப்புண்ணைக் குறிக்கும் டச்சுச் சொல்லிலிருந்து வந்தது. நாக்கு வெந்து சிவந்து, வயிறு ஓயாமல் போய், இரத்தம் வற்றி, ஆளை உருக்கும் நோய். பிற்பாடு தெரிந்தது: அந்த உடல்கள் ஃபோலிக் அமிலத்துக்கு ஏங்கிக்கொண்டிருந்தன.

ஃபோலிக் அமிலத்தின் தடத்தை முதலில் கண்டவர் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர்; அதுவும் இந்தியாவில். மும்பை ஆலைத் தொழிலாளிப் பெண்கள் கர்ப்பகாலத்தில் இரத்தசோகையால் சாவதைப் பார்த்து, மும்பை, குன்னூர், சென்னை கோஷா மருத்துவமனை என்று அலைந்து ஆராய்ந்து, ஈஸ்ட் சாறு அதைக் குணமாக்குவதை 1931-ல் எழுதினார். அதில் இருந்த பொருள்தான் பின்னால் ஃபோலிக் அமிலம் ஆயிற்று. 1923-ல் பாஸ்டன் போன சுப்பாராவ், 1940-களில் நியூயார்க் அருகே லெடர்லி ஆய்வகத்தில் அந்தப் பொருளைச் செயற்கையாகச் செய்த குழுவுக்குத் தலைமை தாங்கினார். தன் சகோதரர்களைக் கொன்ற நோய்க்கு மருந்து கையில் வந்தது.

அதோடு நிற்கவில்லை. புதுச் செல் பிறக்க மரபணுப் பொருள் வேண்டும். அது உருவாக ஃபோலிக் அமிலம் வேண்டும். அப்படியென்றால் ஃபோலிக் அமிலம் போலவே வேடமிட்டு வந்து இடத்தை அடைத்துக்கொள்ளும் போலிப் பொருள் ஒன்றைக் கொடுத்தால், அவசரமாகப் பெருகும் இரத்தப் புற்று செல்கள் பட்டினி கிடக்குமே? சுப்பாராவின் குழு செய்தனுப்பிய அமினோப்டெரினை பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்தார். 1948-ல் அவர் எழுதிய கட்டுரையில் 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார். அமினோப்டெரினின் தம்பியான மெத்தோட்ரெக்சேட் இன்றும் உலகம் முழுக்கக் குழந்தைகளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அந்த மருந்து அளவு மீறும்போது உடம்பு முதலில் காட்டும் அடையாளங்களில் ஒன்று எது? வாய்ப்புண். ஸ்ப்ரூ நோயாளியின் வாயில் பட்டினியால் வந்த அதே வேதனை, இங்கே மருந்தே வரவழைத்த பட்டினியால் வருகிறது. எதைத் தீர்க்க அந்த மனிதர் புறப்பட்டாரோ அதையே கருவியாக்கி வேறொரு நோயை வென்றார். அறிவியல் வரலாற்றில் இவ்வளவு நெருக்கமான முடிச்சை நான் அதிகம் பார்த்ததில்லை.

இந்த வரலாற்றால் வீட்டுக்கு ஒரு பயனும் உண்டு. வாய்ப்புண் என்றால் மெடிக்கல் ஷாப்புக்குப் போய் பி-காம்ப்ளெக்ஸ் வாங்கி விழுங்குவது நம் ஊர்ப் பழக்கம். அதில் பெரும்பாலும் ஃபோலிக் அமிலம் இருக்கும். மெத்தோட்ரெக்சேட் அதிக அளவில் கொடுத்தபின் அதன் கடுமையிலிருந்து மீட்க, ஃபோலினிக் அமிலம் என்ற உறவுக்காரப் பொருளை மருத்துவர்களே மணிக்கணக்குப் பார்த்துக் கொடுப்பார்கள். அதே ஃபோலினிக் அமிலத்தை, 1957-ல் வந்த ஃபுளூரோயுராசில் மருந்தோடு சேர்த்தால் மருந்தின் வேகம் கூடுகிறது. ஒரே பொருள் ஓரிடத்தில் அணைக்கிறது, இன்னோரிடத்தில் மூட்டுகிறது. ஆகவே கீமோ நடக்கும் காலத்தில் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் எந்த வைட்டமினும் வேண்டாம்.

ஃபுளூரோயுராசில் என்றதும் பனிக்கட்டி நினைவுக்கு வருகிறது. அத்தைக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்த கூடத்தில், பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர் எவர்சில்வர் கிண்ணத்தில் பனிக்கட்டித் துண்டுகளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தார். எதிர்க் கட்டிலில் இருந்தவரோ ஃபிளாஸ்கில் வெந்நீர் கொண்டுவந்திருந்தார்; பச்சைத் தண்ணீரைக்கூடத் தொடக் கூடாதென்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். இருவருக்கும் குடல் புற்றுநோய். எனக்கு அன்று ஒன்றும் புரியவில்லை.

ஃபுளூரோயுராசிலை ஊசியாக ஒரே தடவையில் செலுத்தினால், இரத்தத்தில் அதன் அளவு பத்திருபது நிமிடத்தில் பாதியாகிவிடும். அந்தக் கொஞ்ச நேரம் வாயைக் குளிரவைத்தால் அங்கே இரத்தக் குழாய்கள் சுருங்கும்; மருந்து வாய்க்குக் குறைவாக வரும். 1991-ல் மாயோ கிளினிக் மருத்துவர்கள் இதைச் சோதித்தார்கள். மருந்துக்கு ஐந்து நிமிடம் முன்பு தொடங்கி 30 நிமிடம் பனிக்கட்டி சப்பியவர்களுக்கு வாய்ப்புண் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. எத்தனையோ விலையுயர்ந்த மருந்துகள் தோற்ற இடத்தில் உறைந்த தண்ணீர் ஜெயித்தது. ஆனால் எதிர்க் கட்டிலில் இருந்தவருக்கு ஆக்சாலிபிளாட்டின் ஏறிக்கொண்டிருந்தது. அது நரம்புகளைக் குளிருக்கு வெடவெடக்க வைக்கும் மருந்து. குளிர்ந்த நீர் பட்டால் தொண்டை இறுகி மூச்சு முட்டுவது போலிருக்கும். நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக ஏறும் மருந்துக்கும் அரை மணி நேரப் பனிக்கட்டியால் பயனில்லை. அதனால் "பக்கத்து வீட்டம்மா ஐஸ் சப்பினாங்களாம்" என்று நாமாகத் தொடங்கக் கூடாது. "என் மருந்துக்கு ஐஸ் உதவுமா?" என்று நர்ஸிடம் ஒரு கேள்வி போதும்.

வாயை விட்டு மூளைக்கு வருவோம். சியாட்டிலில் உளவியலாளர் ஐலீன் பெர்ன்ஸ்டைன் 1978-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று ஒவ்வொரு கீமோ வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும். குழந்தைகளுக்கு, குமட்டல் வரவழைக்கும் மருந்துக்கு முன்னால், அதுவரை சாப்பிட்டிராத சுவையில் ஐஸ்கிரீம் கொடுத்தார். சில வாரம் கழித்து அதே ஐஸ்கிரீமை நீட்டியபோது பெரும்பாலான குழந்தைகள் வேண்டாம் என்றார்கள். வாந்திக்குக் காரணம் மருந்துதான், ஐஸ்கிரீம் இல்லை என்று தெரிந்த பெரிய பிள்ளைகளும் அப்படித்தான். சாப்பிட்டபின் உடம்புக்கு முடியாமல் போனால், கடைசியாகச் சாப்பிட்டதன் மேல் பழியைப் போடும் பழக்கம் மூளையில் மிகப் பழையது. ஒரே ஒரு முறை போதும், இடையில் மணிக்கணக்கில் நேரம் கடந்தாலும் ஒட்டிக்கொள்ளும். விஷக்காயைத் தின்று பிழைத்த விலங்கு அடுத்த முறை அதைத் தொடாமலிருக்க ஏற்பட்ட ஏற்பாடு. அறிவுரை அதன் காதில் ஏறாது.

ஏறக்குறைய பத்தாண்டுக்குப் பின் அதே குழு அந்தப் பழக்கத்தையே ஏமாற்றப் பார்த்தது. சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் நடுவில் தூக்கலான சுவையுள்ள மிட்டாய் ஒன்றைக் கொடுத்தார்கள். பழி மிட்டாயின் மேல் விழுந்தது, சாப்பாடு தப்பித்தது. கீமோவுக்குப் போகும் நாள் காலையில் "தெம்பா சாப்பிட்டுப் போகட்டும்" என்று அவருக்கு மிகவும் பிடித்த பொங்கலையும் கொத்சுவையும் செய்து வைக்கிறோம் அல்லவா, அன்று அதைச் செய்யாதீர்கள். அன்றைக்கு ஏதாவது சாதாரணமானது போதும். பிடித்ததைப் பத்திரப்படுத்துங்கள். என் அத்தைக்கு இன்றுவரை ஆரஞ்சுப் பழம் ஆகாது. முதல் கீமோவன்று வழி முழுக்கக் காரில் உரித்து உரித்துக் கொடுத்தது நான்தான்.

வாய் புண்ணாகியிருக்கும் நாட்களில் என்ன கொடுக்கலாம்? நம் அடுப்படிக்கு இது கைவந்ததுதான். ஆறிய அரிசிக் கஞ்சி, பாசிப்பருப்புக் கஞ்சி, பாலில் ஊறிய இட்லி, புளிக்காத தயிரில் குழையப் பிசைந்த சாதம், ஜவ்வரிசி, ராகிக் கூழ், இளநீர். கறி கசக்கிறது என்பவர்களுக்கு முட்டை, பன்னீர், பருப்பு. முறுக்கு, தட்டை, அப்பளம், வறுத்த ரொட்டி ஆகியவை கீறும். ஊறுகாய், எலுமிச்சை, மிளகாய் எரிக்கும். வெற்றிலை பாக்கு, புகையிலை அறவே கூடாது. மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பால் விட்டு மசித்துக் கொடுத்தால் வழுக்கிக்கொண்டு இறங்கும், உணவாக நல்லது. ஆனால் இந்தப் புண்ணுக்கு அதையே வைத்தியமாக எண்ணிக் காத்திருக்கக் கூடாது. இது சூட்டினால் வந்த புண் கிடையாது.

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடா, அதில் பாதி உப்பு. இதைக்கொண்டு ஒவ்வொரு முறை சாப்பிட்ட பிறகும், படுக்குமுன்னும் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். சாராயம் கலந்த கடை மவுத்வாஷ் எரிச்சலைக் கூட்டும். குழந்தைகள் பிரஷ் போல மிருதுவானதால் பல் தேய்க்கலாம். வேப்பங்குச்சியும் உப்பு-கரித் தூளும் இப்போது வேண்டாம். பல் செட் இருந்தால் சாப்பாட்டு நேரம் தவிரக் கழற்றி வைக்கட்டும். வலி தாங்கவில்லையென்றால் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். மரத்துப்போகச் செய்யும் ஜெல்லிலிருந்து வலுவான வலிநிவாரணி வரை மருத்துவரிடம் வழி இருக்கிறது. நாக்கில் தயிர் ஒட்டினாற்போல் வெள்ளைத் திட்டு தெரிந்தால் அது பூஞ்சை, அதற்குத் தனி மருந்து. தண்ணீர்கூட இறங்கவில்லை என்றாலோ, காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ, நடுராத்திரியானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒரு பாரசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று இருந்துவிடக் கூடாது. கவுன்ட் இறங்கிய உடம்பில் அந்தக் காய்ச்சலுக்கு ஒரு ராத்திரி அவகாசம் கிடையாது.

மூன்றாவது கீமோவுக்குள் மருமகள் தினசரிக் காலண்டரில் பென்சிலால் குறிக்கப் பழகிவிட்டாள். மருந்து ஏறிய நாள் ஒரு வட்டம். நாலாம் நாளிலிருந்து பதினாலாம் நாள்வரை ஒரு கோடு. அதில் காரமில்லை, புளியில்லை, யாரும் யாரையும் சாப்பிடச் சொல்லிக் கெஞ்சுவதில்லை, அத்தை கேட்டதுதான் சமையல். மூன்றாம் வாரத்துக்கு ஒரு நட்சத்திரம். மருந்தின் பிடி தளர்ந்து, அடியில் தப்பித்திருந்த குருத்தணுக்கள் மறுபடி செல்களை அனுப்பத் தொடங்கும் வாரம் அது. விருப்பமானதெல்லாம் அந்த ஏழு நாளில் வரும். மாமா காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் பேசத் தொடங்கினார்.

நாலு கீமோவும் முடிந்தது. கீமோ மட்டும் எடுத்துக்கொள்பவர்களுக்கு, முடிந்த சில வாரத்திலிருந்து சில மாதத்துக்குள் பொதுவாகச் சுவை திரும்பிவிடுகிறது. கழுத்துக்கும் வாய்க்கும் கதிர்வீச்சு எடுத்தவர்களுக்கு இன்னும் நாளாகும். அத்தைக்கு ஏழாவது வாரம். பரணிலிருந்து ஈயச் சொம்பை எடுக்கச் சொன்னார். மருமகள் ரசம் வைத்து, ஆற்றி, டம்ளரில் கொண்டுவந்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்பு கூட" என்றார் அத்தை. நானும் குடித்துப் பார்த்தேன். கூடத்தான் இருந்தது.